ஆங்கிலப் பத்திரிகைச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

இலக்கணம் ஓரளவு தெரியும், ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்து முடிக்க முடிகிறது, ஆனால் நாளிதழைக் கையில் எடுத்தால் தலைப்பிலேயே நின்றுவிடுகிறேன், பாதிச் சொற்கள் அகராதியிலும் இல்லை, தினம் எத்தனை சொல் மனப்பாடம் செய்தால் இது சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டாலும், உங்களைத் தடுப்பது எண்ணிக்கை இல்லை என்று நினைக்கிறேன். கதை படிக்கிறவருக்கு 'ஃபயர்', 'பேனல்', 'சீஃப்' எல்லாம் தெரிந்த சொற்கள்தான். அவற்றைப் பத்திரிகை எப்படி ஒட்டுகிறது, வெட்டுகிறது, வேலை மாற்றிக் கொடுக்கிறது என்பதுதான் பழக்கமில்லை. அதனால் பட்டியல் தருவதை விட்டுவிட்டு, இந்தச் சொற்கள் உருவாகும் விதத்தைச் சொல்கிறேன். நான் மொழியியல் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளைத் தமிழில் எழுதும் மேசையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். ஒரு சொல் எங்கே சறுக்கும், எப்படி அவிழும் என்பதெல்லாம் அந்த வேலையில் படிந்தது. கோட்பாட்டு விவாதங்களுக்குள் நான் போகவில்லை.

மனப்பாடம் தேவைப்படுவது ஒரு சிறு பகுதிக்கு, தலைப்பில் வரும் குட்டிச் சொற்களுக்கு மட்டும்தான். அச்சுக் கோத்த காலத்தில் பத்தியின் அகலம் குறைவு. பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தால் ஒரு வரிக்குச் சில எழுத்துகளே அடங்கும். 'இன்வெஸ்டிகேஷன்' என்று போட இடமில்லாதபோது 'புரோப்' என்று போட்டார்கள். அதே காரணத்தால்தான் பதவி விலகினால் 'க்விட்', நீக்கினால் 'ஆக்ஸ்', முயற்சிக்கு 'பிட்', ஒப்பந்தத்துக்கு 'பாக்ட்', ஒப்புதலுக்கு 'நாட்', உயர்வுக்கு 'ஹைக்', பலி எண்ணிக்கைக்கு 'டோல்'. இணையத்தில் இட நெருக்கடி தளர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. இப்படி ஐம்பது அறுபது சொற்கள் தெரிந்தால் போதும், தலைப்புகளை மட்டும் விடாமல் படித்து வந்தாலே தானாகப் பதிந்துவிடும். ஆனால் இவற்றின் வேகத்தை நம்பிவிடாதீர்கள். 'ஸ்லாம்ஸ்' என்றால் யாரும் யாரையும் அறையவில்லை, கண்டித்திருக்கிறார், அவ்வளவுதான். சில சமயம் மென்மையாகத்தான் கண்டித்திருப்பார். அதே போல 'ரோ' என்று படித்தால் வரிசை. தலைப்பில் வருவது பெரும்பாலும் தகராறு என்ற பொருளில், அப்போது உச்சரிப்பு 'ரவ்'. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே.

தலைப்பின் வினைச்சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்காலத்தில் இருந்தால் அது பெரும்பாலும் நடந்து முடிந்தது. 'டு' போட்டு வினை வந்தால் இனி நடக்கப்போவது. 'த்ரீ ஹெல்ட்' என்று பார்த்தால் மூன்று பேர் எதையோ பிடித்தார்கள் என்று தோன்றும். உண்மையில் மூன்று பேர் பிடிபட்டிருக்கிறார்கள். நடுவில் இருக்க வேண்டிய 'வேர்' விழுங்கப்பட்டிருக்கிறது. கதைப் புத்தகத்தில் பழகிய கண் இடறும் முதல் இடம் இதுதான்.

அடுத்ததுதான் மிகவும் முக்கியமானது: பெயர்ச்சொற்களை வேற்றுமை எதுவும் இல்லாமல் வரிசையாக அடுக்குவது. 'ஹாஸ்பிட்டல் ஃபயர் புரோப் பேனல் சீஃப் க்விட்ஸ்' என்று ஒரு தலைப்பு வைத்துக்கொள்வோம். ஐந்து பெயர்ச்சொற்கள், ஒரு வினை. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அர்த்தம் பண்ணிக்கொண்டு போனால் மூச்சு முட்டும். வினைக்கு முன்னால் நிற்கும் கடைசிப் பெயரை முதலில் பிடியுங்கள். 'சீஃப்'. தலைவர் விலகினார். எந்தத் தலைவர்? குழுவின் தலைவர். எந்தக் குழு? விசாரணைக் குழு. எதை விசாரிக்கிறது? தீ விபத்தை. எங்கே தீ? மருத்துவமனையில். பின்னாலிருந்து முன்னால் போனால் முடிச்சு தானே அவிழ்கிறது. தமிழ் படித்தவருக்கு இது புதிய வித்தையும் இல்லை. தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரை உடைய குடம், தங்க வளையல் என்றால் தங்கத்தால் செய்த வளையல் என்று பள்ளியில் விரித்து எழுதினோமே, உருபும் பயனும் உடன்தொக்க தொகை, அதே வேலைதான் இது. தொகையில் கடைசிச் சொல்தான் தலைமை, முன்னால் வருவதெல்லாம் அதற்கு அடை. ஆங்கிலத் தலைப்பும் அப்படியே. 'மருத்துவமனைத் தீ விசாரணைக் குழுத் தலைவர் விலகல்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள், சொல் வரிசைகூட மாறாது. இந்த விஷயத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு சாதகம் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தொகையை விரிக்கும்போது எந்த உருபு மறைந்திருக்கிறது என்பதை மட்டும் ஊகித்துத்தான் ஆக வேண்டும். 'வாட்டர் டாக்ஸ்' தண்ணீர் குறித்த பேச்சு, 'டப்ளின் டாக்ஸ்' டப்ளின் நகரில் நடக்கும் பேச்சு, 'ரெபெல் டாக்ஸ்' கிளர்ச்சியாளரோடு நடத்தும் பேச்சு. இதைத் தீர்மானிக்க இலக்கணம் உதவாது, செய்தியின் முதல் வாக்கியம் உதவும். தலைப்பில் சுருட்டியதை முதல் வாக்கியம் முழு இலக்கணத்தோடு திரும்பச் சொல்லும், அது ஆங்கில நாளிதழ்ச் செய்திகளில் பெரும்பாலும் உள்ள மரபு. தலைப்போடு மல்லுக்கட்டாமல் உடனே அங்கே போய்விடுங்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்களே தடுமாறும் தலைப்புகளும் உண்டு. 2009இல் ஜப்பானிலிருந்து வரும் ஓர் ஆங்கிலச் செய்தித் தளத்தில் 'வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜேஏஎல் கிராஷ் பிளாசம்ஸ்' என்று ஒரு தலைப்பு வந்தது. 1985இல் நடந்த ஜேஏஎல், அதாவது ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் தந்தையை இழந்த வயலின் கலைஞர் இப்போது மலர்ச்சி பெறுகிறார் என்பது பொருள். 'பிளாசம்ஸ்' இங்கே வினை. ஆனால் படித்தவர்கள் 'கிராஷ் பிளாசம்ஸ்' என்பதை ஒரே தொகையாக எடுத்து, அது என்ன பூ என்று விழித்தார்கள். அதிலிருந்து இப்படி இரண்டு விதமாகப் பிரியும் தலைப்புகளுக்கே 'கிராஷ் பிளாசம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயரா வினையா என்று வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம், தலைப்பில் அந்தக் குழப்பம் இரட்டிப்பாகும்.

தலைப்பை விட்டு உள்ளே வந்தால் அதிகம் கண்ணில் படுவது இடைக்கோடு போட்ட அடைமொழிகள். 'கேஷ்-ஸ்ட்ராப்ட்' பணமுடையில் தவிக்கும், 'வார்-டார்ன்' போரால் சிதைந்த, 'டிரவுட்-ஹிட்' வறட்சி தாக்கிய. ஒரு பெயர், அதோடு ஒரு பெயரெச்சம் மாதிரியான வடிவம், இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வாக்கியம் ஓர் அடைமொழிக்குள் அடங்கிவிடுகிறது. இவற்றில் பலவற்றை அகராதியில் தேடிப் பயனில்லை, நிருபர் அன்றைக்கே செய்தது. ஆனால் இரண்டாவது உறுப்பை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். 'ஸ்டேட்-ரன்' என்றால் அரசே நடத்துகிறது. 'ஸ்டேட்-பேக்ட்' என்றால் அரசின் ஆதரவு இருக்கிறது. 'ஸ்டேட்-லிங்க்ட்' என்றால் ஏதோ தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது, அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல பத்திரிகை தயாராக இல்லை. தமிழில் எழுதும்போது மூன்றையும் 'அரசின்' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டால், பத்திரிகை சொல்லாத குற்றச்சாட்டை நாமே சொன்னதாகிவிடும். தலைப்பில் வரும் மேற்கோள் குறியும் இதே ரகம். அது யாரோ ஒருவரின் கூற்று, பத்திரிகை அதற்குப் பொறுப்பேற்கவில்லை என்பதன் அடையாளம்.

இன்னொரு பெரிய குடும்பம், வினையும் ஓர் ஒட்டுச் சொல்லும் சேர்ந்து பெயராவது. 'கிராக்டவுன்', 'ஷேக்-அப்', 'ஃபால்அவுட்', 'வாக்அவுட்', 'பெய்ல்அவுட்', 'செட்பேக்', 'டேக்ஓவர்', 'லாக்டவுன்'. அரசியல், பொருளாதாரப் பக்கங்கள் இவற்றால்தான் ஓடுகின்றன. வினையாக இருந்தால் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள், பெயரானால் சேர்த்தோ இடைக்கோடு போட்டோ எழுதுவார்கள். உச்சரிப்பிலும் வித்தியாசம் கேட்கும்: பெயரில் அழுத்தம் முதல் உறுப்பில் விழும். இதில் சுவாரசியமானது உறுப்புகளின் வரிசை. 'பிரேக்' என்பதும் 'அவுட்' என்பதும் அதே இரண்டு சொற்கள்தான். 'அவுட்பிரேக்' என்றால் நோயோ போரோ வெடித்துக் கிளம்புவது. 'பிரேக்அவுட்' என்றால் சிறையிலிருந்து தப்புவது. 'ஓவர்டேக்' சாலையில் முந்துவது, 'டேக்ஓவர்' ஒரு நிறுவனத்தை மற்றொன்று கைப்பற்றுவது. 'அவுட்லுக்' வருங்காலம் எப்படியிருக்கும் என்ற கணிப்பு, 'லுக்அவுட்' கண்காணிப்பு. 'அப்செட்' விளையாட்டுப் பக்கத்தில் எதிர்பாராத தோல்வி, 'செட்-அப்' அமைப்பு அல்லது திட்டமிட்ட பொறி. முன்னால் 'அவுட்', 'ஓவர்' வரும் சொற்களில் பல பழையவை, ஆங்கிலம் நெடுங்காலமாக வைத்திருப்பவை. பின்னால் ஒட்டு வருபவை பெரும்பாலும் பிற்காலத்தவை, இன்றும் புதிதாகப் பிறந்துகொண்டிருப்பவை. அறிமுகமில்லாத ஒன்று கண்ணில் பட்டால், அது பின்னொட்டு வகையாக இருந்தால், அதன் வினை வடிவத்தை யோசியுங்கள், பொருள் கிட்டத்தில் வந்துவிடும்.

முன்னும் பின்னும் ஒட்டு சேர்ப்பதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'டிமானிடைசேஷன்' மாதிரி நீளமாக வந்தால் மிரள வேண்டாம். நடுவில் இருப்பது பணம், 'ஐஸ்' அதை வினையாக்குகிறது, 'டி' அதைத் திருப்புகிறது, 'ஏஷன்' மறுபடி பெயராக்குகிறது. இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் போர்ச் செய்திகளில் தினமும் வரும் 'டி-எஸ்கலேஷன்'. இந்தச் சொல்லின் அடியில் இருப்பது ஒரு நகரும் படிக்கட்டு. 1900ஐ ஒட்டி சார்லஸ் சீபர்கர் என்பவர் தம் இயந்திரத்துக்கு 'எஸ்கலேட்டர்' என்று வணிகப் பெயர் சூட்டினார், ஓடிஸ் நிறுவனம் அதை விற்றது. பெயர் ஊர்ப் பொதுவாகிப் போனதால் 1950இல் அதன் வணிகக் குறி உரிமையும் போனது. இதற்கிடையில் 'எஸ்கலேட்டர்' இருந்தால் 'எஸ்கலேட்' என்று ஒரு வினை இருந்திருக்க வேண்டும் என்று மக்கள் நினைத்து, இல்லாத வினையை உண்டாக்கிவிட்டார்கள். முதலில் அது படிக்கட்டில் ஏறுவதைத்தான் குறித்தது. பனிப்போர்க் காலத்தில், சிறு சண்டை படிப்படியாக அணுப்போராக ஏறிவிடுமோ என்ற பயத்தைச் சொல்ல அந்த வினை பொருத்தமாக வந்து உட்கார்ந்தது. அதன் பெயர் வடிவம் 'எஸ்கலேஷன்', அதை இறக்க 'டி-எஸ்கலேஷன்'. பெயரிலிருந்து வாலை வெட்டி வினை செய்யும் இந்த முறை பத்திரிகைக்கு அந்நியமில்லை. 'எடிட்' என்ற வினையே 'எடிட்டர்' என்ற பெயருக்குப் பின்னால் வந்ததுதான்.

வெட்டுவது சில சமயம் தவறான இடத்தில் விழும், அங்கேயும் புதுச் சொல் முளைக்கும். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வாட்டர்கேட் என்ற கட்டட வளாகத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் நுழைந்து பிடிபட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1974இல் அதிபர் நிக்சன் பதவி விலகினார். 'கேட்' என்பதற்கும் ஊழலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது கட்டடப் பெயரின் பாதி. ஆனால் பத்திரிகைகள் அதை வெட்டியெடுத்து, எந்த முறைகேட்டின் பின்னாலும் ஒட்டத் தொடங்கின. அமெரிக்க அரசு இரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்றது வெளியானபோது 'இரான்கேட்' வந்தது, அப்புறம் பொதுமுடக்கக் காலத்தில் லண்டனில் பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகள் வெளியானபோது 'பார்ட்டிகேட்' வந்தது. 'ஆல்கஹாலிக்' என்பதை 'ஆல்கஹால்', 'இக்' என்று பிரிப்பதுதான் முறை. நடுவில் வெட்டி 'அஹாலிக்' என்று ஒரு துண்டை எடுத்து, வேலையே கதி என்று கிடப்பவருக்கு 'வொர்கஹாலிக்' செய்தார்கள். 1957இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியதும் அதன் வாலான 'நிக்' எல்லார் வாயிலும் புகுந்தது. அடுத்த வருடமே சான் ஃபிரான்சிஸ்கோ குரோனிக்கிள் பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன், வழக்கமான வாழ்க்கையை மறுத்த 'பீட்' தலைமுறை இளைஞர்களை 'பீட்னிக்' என்று எழுதினார்.

இரண்டு சொற்களை மோதவிட்டு ஒன்றாக்குவதில் பத்திரிகைக்குத் தனி ஆர்வம். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி தம் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு தொகுதியின் வடிவம் 'சாலமாண்டர்' என்ற பல்லி போன்ற பிராணியை ஒத்திருந்ததால் பாஸ்டன் கெஜட் 'ஜெரிமாண்டர்' என்று கேலிச்சித்திரம் போட்டது. இன்றும் அமெரிக்கத் தேர்தல் செய்திகள் அந்தச் சொல் இல்லாமல் நகராது. தேக்கமும் பணவீக்கமும் சேர்ந்த 'ஸ்டாக்ஃப்ளேஷன்' 1965இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இயன் மக்லியாட் சொன்னது. எந்தக் கலப்பு நிற்கும், எது உதிரும் என்பதற்கு விதி கிடையாது. 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி இணைய ஒலிபரப்பைப் பற்றி எழுதும்போது அதற்கு 'ஆடியோபிளாகிங்', 'பாட்காஸ்டிங்', 'கெரில்லாமீடியா' என்று மூன்று பெயர்களை முன்வைத்தார். நடுவில் இருந்தது மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. அதனால் நேற்று வந்த கலப்புச் சொல் ஒவ்வொன்றையும் குறித்து வைத்துப் படிக்கத் தேவையில்லை. சில மாதம் கழித்தும் மேற்கோள் குறி இல்லாமல், விளக்கம் இல்லாமல் வந்தால் அது வேரூன்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் மனநிலையையும் கவனியுங்கள், இதை அகராதிகள் போதுமான அளவு சொல்வதில்லை. ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியைப் பின்பற்றுகிறவர்கள் தங்களை 'டிராட்ஸ்கியிஸ்ட்' என்பார்கள். எதிரிகள் 'டிராட்ஸ்கியைட்' என்பார்கள். 'ஐட்' ஒட்டில் ஒரு சின்ன ஏளனம் கலந்திருக்கும், எல்லா இடத்திலும் இல்லாவிட்டாலும் அரசியல் கட்டுரையில் பெரும்பாலும். 'மாங்கர்' என்று முடிந்தால், மீன் வியாபாரியைக் குறிக்கும் 'ஃபிஷ்மாங்கர்' போன்ற கடைக்காரப் பெயர்களைத் தவிர, பெரும்பாலும் பழி இருக்கும்: 'வார்மாங்கர்' போர் வெறியர், 'ஸ்கேர்மாங்கர்' பீதி கிளப்புகிறவர்.

சொற்களின் பிறப்பைப் பற்றி இணையத்தில் சுற்றும் கதைகளில் உறுதியானதும் பொய்யானதும் கலந்தே கிடக்கும். 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்பது பொய். 'நியூ' என்ற சொல் பன்மையில் பெயராக வழங்கியதுதான் அது. 'ஓகே' ஒரு பத்திரிகைக் குழந்தை என்பது உண்மை. 1839 மார்ச் 23இல் பாஸ்டன் மார்னிங் போஸ்ட் 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதிச் சுருக்கி அச்சிட்டது. கருத்துக் கட்டுரைகள் வரும் 'ஆப்-எட்' பக்கத்தின் 'ஆப்' என்பதை 'ஒபினியன்' என்று விரிப்பவர்கள் அதிகம், ஆனால் அது 'ஆப்பசிட்', தலையங்கப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். நம் காசுதான் ஆங்கில 'கேஷ்' ஆயிற்று என்பது பாதி உண்மை. கீழ்த்திசை நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் பழைய 'கேஷ்' தமிழ்க் காசிலிருந்து போனது. ரொக்கம் என்ற பொருளில் இன்று வழங்கும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. தமிழிலிருந்து உறுதியாகப் போன ஒன்று, பிற நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டைப் பத்திரிகைகள் குறிக்கும் 'பரையா ஸ்டேட்'. பறையர் என்ற ஒரு சமூகத்தின் பெயரை ஆங்கிலம் இழிசொல்லாக எடுத்துக்கொண்டு இன்றுவரை கூச்சமில்லாமல் எழுதுகிறது. கண்ணில் பட்டால் பொருள் தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எழுதும்போது தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். 'ஐசொலேட்டட்' என்ற சொல் இருக்கிறது, அது போதும்.

பிரித்துப் பார்க்கும் வழி கைவிடும் இடங்களும் உண்டு. 'ஓவர்சீ' மேற்பார்வை செய்வது, 'ஓவர்லுக்' கவனிக்காமல் விடுவது. 'ஓவர்சைட்' என்ற ஒரே பெயர் இந்த இரண்டு பொருளிலும் வரும். 'ஓவர்சைட் பேனல்' என்றால் கண்காணிப்புக் குழு, 'ஆன் ஓவர்சைட்' என்றால் கவனப் பிசகு. 'சேங்ஷன்' வினையாக நிதி ஒதுக்கீட்டுச் செய்தியில் வந்தால் அனுமதி, நாடுகளைப் பற்றிய செய்தியில் பன்மைப் பெயராக வந்தால் தடை. 'டேபிள்' என்ற வினை பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஒரு தீர்மானத்தை அவையில் முன்வைப்பது, அமெரிக்காவில் அதைத் தள்ளிவைப்பது, நேர் எதிர். இந்த மாதிரிச் சொற்களில் உறுப்புகளைப் பார்த்துப் பொருள் சொல்ல எனக்கும் முடியாது. பத்திரிகை எந்த நாட்டினுடையது என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்தச் சொல்லுக்கு மட்டும், வாக்கிய உதாரணத்தோடு பொருள் தரும் அகராதி ஒன்றை எடுத்து, செய்தியில் உள்ள அமைப்பு எந்த உதாரணத்தோடு பொருந்துகிறது என்று ஒப்பிடுங்கள்.